போதையா, பொய்யா? ஓர் ஆசிரியையின் வேலை எதனால் போக வேண்டும்?

 

2022 ஜூலை மாதம். சத்தீஸ்கர் மாநிலம் ஜஷ்பூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. வட்டாரக் கல்வி அதிகாரி ஆய்வுக்குப் போகிறார். வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடம் நடத்த வேண்டிய ஆசிரியையோ குடிபோதையில் நிலை தெரியாமல் கிடக்கிறார்! போலீசுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்.

செய்தி நாடு முழுவதும் பரவியது. ஆண் வாத்தியார் குடித்துவிட்டு வந்து சஸ்பெண்ட் ஆனால் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி. குடித்தவர் பெண் என்றதும் பெயர், ஊர், படம் எல்லாம் வீதிக்கு வந்துவிட்டன. அந்தப் பெயரை நாம் இங்கே எழுதப்போவதில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. நமக்குத் தேவையானது ஒரு கேள்விதான். இதே நிலைமை வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ நம் சமுதாயம் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏற்பட்டால் நாம் என்ன செய்வோம்?

என்ன செய்வோம் என்பது நமக்குத் தெரியும்! அன்று மாலையே செயலாளர் வீட்டில் நாலு பேர் கூடுவார்கள். மறுநாள் காலையில் "இனி நீ வர வேண்டாம்" என்று ஒரு போன். விசாரணை இல்லை, எழுத்து இல்லை, சாட்சி இல்லை. பல நர்சரிப் பள்ளிகளில் வேலைக்குச் சேர்த்ததற்கே காகிதம் கிடையாது. நீக்குவதற்கு எங்கே காகிதம் கொடுக்கப்போகிறார்கள்? நோன்பு, தொழுகை எதிலும் குறை வைக்காத நல்ல மனிதர்கள்தான் இதைச் செய்கிறார்கள். மார்க்கத்துக்காகச் செய்வதாகவே நம்புகிறார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

மது ஹராம். அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர் அந்த நிமிடமே பிள்ளைகளிடமிருந்து விலக்கப்பட வேண்டும். அதிலும் இரண்டாவது பேச்சு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை கிணற்றடிக்குப் போனாலும் சாலைக்கு ஓடினாலும் பிடித்து நிறுத்த வேண்டிய கை அது. அந்தக் கை நடுங்கிக் கொண்டிருக்கக் கூடாது. ஆனால் வகுப்பறையிலிருந்து விலக்குவது ஒன்று. வேலையைப் பறித்து வீதியில் விடுவது வேறொன்று. முதலாவதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாவதற்கு நிதானமும் நியாயமும் வேண்டும்.

மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு வெளியேறி மத்யனுக்கு வந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பெரியவரின் மகள் தன் தந்தையிடம் இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு ஏற்றவர் என்பது அவர் சொன்ன காரணம் (அல்கஸஸ் 26). கவனியுங்கள், இரண்டு தகுதிகள். வேலையைச் செய்யும் திறன் ஒன்று. அமானிதத்தைக் காக்கும் குணம் மற்றொன்று. குடி முதல் தகுதியை அழிக்கிறது. பொய் இரண்டாவதை அழிக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் நம் நிர்வாகக் குழுக்கள் வழி தவறுகின்றன.

திறன் போனால் திரும்ப வரலாம். காய்ச்சலில் படுத்தவன் எழுந்து வருகிறான், கை முறிந்தவனுக்குக் கை கூடுகிறது. குடிக்கு அடிமையானவரும் நோயாளியா என்று சில சகோதரர்கள் கோபப்படலாம். பாவம் வேறு, நோய் வேறு என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பாவத்தால் வந்த நோயும் நோய்தான். அதற்கு தவ்பாவும் வேண்டும், மருந்தும் வேண்டும். நம் நாட்டுச் சட்டமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் என்பதற்குத் தரும் விளக்கத்தில் மதுவாலும் போதைப் பொருளாலும் ஏற்படும் மனநிலைக் கோளாறுகளையும் சேர்த்திருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. நம் மக்களில் பலருக்கு இது தெரியாது. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். தூக்கம் போகும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதையும் தாண்டினால் மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிர் போனவர்களும் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் மருந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் வைத்துப் படிப்படியாக நிறுத்துகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? "நாளையிலிருந்து தொட மாட்டேன் என்று குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்" என்கிறோம்! அந்தப் பெண் வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொல்கிறாள். மூன்றாம் நாள் நடுக்கம் தாங்காமல் மறுபடியும் குடிக்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள். உடனே நாம், "பார்த்தீர்களா, குடிகாரி மட்டுமல்ல, பொய்க்காரியும்கூட!" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தப் பொய்யில் பாதி நாம் ஊட்டி வளர்த்தது. வல்ல ரஹ்மான் மதுவை ஒரே வசனத்தில் ஒரே நாளில் தடுத்துவிடவில்லை. முதலில் அதன் தீமையை உணர்த்தினான் (அல்பகரா 219). பிறகு போதையுடன் தொழுகையை நெருங்கக் கூடாது என்றான் (அந்நிஸா 43). அதன் பிறகே முற்றாக விலக்கினான் (அல்மாயிதா 90). இன்றைக்கு யாரும் இதைக் காட்டி, "நானும் படிப்படியாக விடுகிறேன், இந்த வாரம் பாதி" என்று சட்டம் பேசக் கூடாது, தடை முழுமையாகிவிட்டது. ஆனால் பழகிப்போன உடம்பை மீட்டெடுக்கக் காலம் தேவை என்பதைப் படைத்தவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இனி வரலாற்றிலிருந்து இரண்டு பேரைப் பார்ப்போம்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் காதிஸிய்யா போர். தளபதி ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி). படையில் அபூ மிஹ்ஜன் என்றொரு வீரர். திரும்பத் திரும்பக் குடித்ததற்காக விலங்கிடப்பட்டுக் கிடக்கிறார். வெளியே போர் நடக்கிறது, சத்தம் கேட்கிறது, இவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. தளபதியின் மனைவியிடம் கெஞ்சுகிறார். என்னை அவிழ்த்துவிடுங்கள், உயிரோடிருந்தால் திரும்பி வந்து நானே விலங்கை மாட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த அம்மையார் நம்பி விடுகிறார். அபூ மிஹ்ஜன் தளபதியின் குதிரையிலேயே ஏறிப் போய்ப் போரிடுகிறார். பார்த்தவர்கள் யார் இந்த வீரர் என்று வியக்கிறார்கள். போர் ஓய்ந்ததும் என்ன செய்தார்? சொன்னபடி திரும்பி வந்து விலங்கில் காலை நுழைத்துக்கொண்டார்! விஷயம் தெரிந்ததும் தளபதி அவரை விடுவித்தார். அதன் பிறகு அவர் மதுவைத் தொடவில்லை என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. குடிகாரர்தான். ஆனால் வாக்குத் தவறாதவர். அந்த நேர்மைதான் அவரைக் கரையேற்றியது.

மற்றொருவர் குதாமா பின் மழ்ஊன் (ரலி). பத்ரில் கலந்துகொண்டவர். உமர் (ரலி) அவர்களுக்கு நெருங்கிய உறவினர். பஹ்ரைனுக்கு ஆளுநராக இருந்தவர். அவர் மது அருந்தியதாக ஜாரூத் என்பவர் மதீனாவுக்கு வந்து புகார் சொல்கிறார். உறவினர் என்று உமர் (ரலி) மூடி மறைத்தார்களா? இல்லை. புகார் வந்த உடனேயே பதவியைப் பறித்தார்களா? அதுவும் இல்லை. இன்னொரு சாட்சி யார் என்று கேட்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் நேரில் கண்டதை மட்டும் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஜாரூத் இடையில் தண்டனையை அவசரப்படுத்தியபோது, நீர் சாட்சியா அல்லது வழக்காடுபவரா என்று உமர் (ரலி) அவரையே அடக்கினார்கள். குதாமாவின் மனைவியையும் விசாரித்தார்கள். எல்லாம் உறுதியான பிறகு பதவியும் போனது, தண்டனையும் நடந்தது. பிறகு உமர் (ரலி) அவர்களே அவரை அழைத்துச் சமாதானம் ஆனார்கள். பதவி போனது, சகோதரத்துவம் போகவில்லை.

சாட்சி சொல்லும் வேலையும் தீர்ப்புச் சொல்லும் வேலையும் வேறு வேறு. நம் நிர்வாகக் குழுக்களில் புகார் சொன்னவரே விசாரிக்கிறார், அவரே தீர்மானமும் எழுதுகிறார்!

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பெண் குடிக்கிறாள் என்று பேச்சு எழுந்துவிட்டால் நம் நாக்கு அதோடு நிற்பதில்லை. அவளுடைய கற்பு வரைக்கும் போய்விடுகிறது. டீக்கடையிலும் மண்டியிலும் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். இளைஞர்களே, கற்புள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்று அந்நூர் அத்தியாயம் சொல்கிறதே, அது யாருக்காக இறங்கியது? குடித்தவரைச் சபிப்பதைக்கூட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொல்லித் தடுத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

இனி பொய்க்கு வருவோம். இங்கே நாம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

வெட்கத்தை மறைக்கச் சொல்லும் பொய் ஒன்று உண்டு. "தலைவலி, மாத்திரை போட்டேன்" என்பது அந்த வகை. அதுவும் பாவம்தான். ஆனால் அதனால் அழிவது பெரும்பாலும் அவளேதான். அடுத்தவர் உரிமையில் கை வைக்கும் பொய் வேறு. வராத நாளுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. திருத்தாத விடைத்தாளுக்கு மார்க். பிள்ளைகளிடம் வாங்கிய பரீட்சைக் கட்டணத்தை அலுவலகத்தில் கட்டாமல் கட்டியதாகச் சொல்வது. பெறாத பட்டத்துக்குச் சான்றிதழ். தன் தவறை மறைக்க ஆயாம்மா மீது பழி. இந்தப் பொய்களைச் சொன்னவர் ஒரு சொட்டு மதுவும் தொடாதவராக இருந்தாலும், தஹஜ்ஜுத் தொழுபவராகவே இருந்தாலும் ஆசிரியராக இருக்கத் தகுதியில்லை. நயவஞ்சகனின் அடையாளங்களாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன மூன்றையும் எண்ணிப் பாருங்கள். பேசினால் பொய், வாக்களித்தால் மீறுதல், நம்பி ஒப்படைத்தால் மோசடி. குடி அந்தப் பட்டியலில் இல்லை!

வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தழும்பு விழுந்த தோலை இரண்டாம் தரம் என்று சொல்லி விற்றால் விலை குறையும், மானம் குறையாது. அதே தோலைக் கட்டின் நடுவில் மறைத்து முதல் தரம் என்று அனுப்பினால் ஒரு லோடோடு பெரியமேடு வரை பெயர் கெடும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தானியம் நனைந்ததற்காக அவர்கள் கோபப்படவில்லை. மறைத்ததற்காகத்தான்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் எப்படிப் பார்த்தன? 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. இம்பாலில் உள்ள கேந்திரிய வித்யாலயாவின் கடைநிலை ஊழியர் ஒருவர் முழுப் போதையில் முதல்வரின் அறைக்குள் அத்துமீறி நுழைந்தார். வேலை போனது. தண்டனை அதிகம் என்று உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்க்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து பணிநீக்கத்தை உறுதி செய்தது. பள்ளிக்கூடத்தில் நடந்தது என்பதால் கண்டிப்பு தேவைதான், தீர்ப்பை மதிக்கிறோம். என்றாலும் அந்த ஊழியருக்கு எங்காவது ஒரு மருத்துவமனைக் கட்டில் கிடைத்ததா என்ற கேள்வி நம் மனதில் நிற்கிறது.

பொய்யைப் பற்றி இரண்டு தீர்ப்புகள். கேந்திரிய வித்யாலயாவில் வேலைக்குச் சேர்ந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர், தன் மீது கிரிமினல் வழக்கு இருந்ததைப் படிவத்தில் மறைத்தார். பின்னால் அந்த வழக்கே திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் 2003-ல் உச்ச நீதிமன்றம் அவரது நீக்கம் சரியென்றது. வழக்கு பெரிதா சிறிதா என்பதல்ல, மறைத்தது ஆசிரியர் என்பதே அங்கே எடை போட்டது. பிறகு 2016-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, இப்படி மறைத்த எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது, மறைக்கப்பட்ட விஷயம் எத்தகையது, வேலை எத்தகையது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று தெளிவாக்கியது. பொய்யிலும் தரம் பிரிக்க வேண்டும் என்பதைத்தான் நாமும் சொல்கிறோம்.

"நாங்கள் சிறுபான்மை நிறுவனம், அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு இருக்கிறது, எங்களை யாரும் கேட்க முடியாது" என்று சில நிர்வாகிகள் மார்தட்டுவதுண்டு. 30-ஆவது பிரிவு நம் உயிர். அதற்காக எந்தத் தெருவிலும் இறங்குவோம். ஆனால் அது ஏழை ஆசிரியையை விசாரணை இல்லாமல் விரட்டும் உரிமை அல்ல. டெல்லி ஃபிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் வழக்கில் 1986-லேயே, ஊழியருக்குப் பணிப்பாதுகாப்பு தருவது சிறுபான்மை உரிமையைப் பறிப்பதாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வும், நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் முறையாக விசாரித்த பிறகே என்றது. பாதிக்கப்பட்டவர் முறையிடத் தீர்ப்பாயம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

அரசாங்கத்தையும் கேட்காமல் விட முடியாது. மதுவிலக்கை நோக்கி நடக்கும்படி அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டிலோ 1983-ல் தொடங்கிய டாஸ்மாக் 2003-லிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. விற்பவரும் அரசாங்கம், குடித்தவரை சஸ்பெண்ட் செய்பவரும் அரசாங்கம்! நாமும் யோக்கியர்கள் இல்லை. பெங்களூர் போய்க் குடித்துவிட்டு நள்ளிரவில் நெடுஞ்சாலை வழியே திரும்பும் பிள்ளையின் தகப்பனார், காலையில் பள்ளிக் குழுவில் உட்கார்ந்து ஆசிரியையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது "வயசுக் கோளாறு". நாலாயிரமும் ஐயாயிரமும் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு மட்டும் அது மன்னிக்க முடியாத குற்றமா?

ஆகவே நம் நிலை இதுதான். போதையோடு வந்த ஆசிரியையை அன்றே வகுப்பிலிருந்து விலக்குங்கள். சம்பளத்தோடோ பாதிச் சம்பளத்தோடோ மருத்துவ விடுப்பு கொடுத்துச் சிகிச்சைக்கு அனுப்புங்கள். தூரமில்லை, வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. சென்னையில் 1980 முதல் இதற்கென்றே இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குணமாகி வந்தால் முதலில் அலுவலகத்திலோ நூலகத்திலோ வேலை கொடுத்து, டாக்டர் சொன்ன பிறகு வகுப்புக்கு அனுப்புங்கள். ஒருமுறை வழுக்கினால், அவரே வந்து உண்மையைச் சொன்னால், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். வழுக்குவது இந்த நோயில் நடக்கிற ஒன்று. சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்து மறுபடியும் போதையோடு வகுப்புக்கு வந்தால் வேலை போகட்டும். அதை அநியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. மார்க்கிலும் பணத்திலும் பதிவேட்டிலும் பொய் இருந்தால், குற்றத்தை எழுத்தில் கொடுத்து, பதிலை வாங்கி, சாட்சிகளை விசாரித்து, நிரூபணமானால் நீக்குங்கள். அங்கே குடியை ஒரு சாக்காக ஏற்காதீர்கள். குடித்த நேரத்தில் கை நடுங்கும். பொய்க் கணக்கு எழுதுகிற கை நடுங்குவதில்லை.

வேலை போனாலும் அந்த வீட்டு அடுப்பு அணையக் கூடாது. அவருடைய பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி நாம் எந்தப் பாவத்தைக் கழுவப்போகிறோம்? ஏழை நோயாளியின் மருந்துச் செலவுக்கும் அவரை நம்பியிருப்பவர்களுக்கும் ஜகாத் கொடுக்கலாம் என்பதில் ஆலிம்களிடம் சந்தேகம் இருக்காது.

வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கி, 1919-ல் இஸ்லாமியா கல்லூரியைக் கட்டி எழுப்பியவர்கள் இந்த மண்ணின் பெரியவர்கள். தோல் வியாபாரத்தில் ஈட்டிய பணத்தைப் பெட்டியில் பூட்டாமல் கல்விக்குக் கொடுத்த ஊர் இது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் போதைச் சிகிச்சைக்கென்று தனிக் கணக்காக ஒதுக்கினால் ஆசிரியை மட்டுமல்ல, டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று உழைத்துவிட்டு மாலையில் கடைவாசலில் விழுந்து கிடக்கும் தொழிலாளியும் பிழைப்பான்.

இதற்கு மாநாடு தேவையில்லை. உங்கள் பள்ளியின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கொண்டுவந்தால் போதும். போதையோடு வருகிறவரை என்ன செய்வது, பொய்க் குற்றச்சாட்டை யார் விசாரிப்பது, சிகிச்சைச் செலவை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது. விசாரிப்பவர்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். புகார் சொன்னவர் அதில் இருக்க வேண்டாம். ஏற்கெனவே போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட ஆசிரியைகள் இதைப் படித்தால் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.